நான்கு மூலையிலும் மஞ்சள்

எட்டு அட்டைகள் செய்திருந்தேன். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புச் சதுரம், அதன் நடுவில் ஓர் எழுத்து. அட்டையை வெப்காமிரா முன்னால் பிடித்தால் கணினித் திரையில் நம் கை தெரியும். கையிலிருக்கும் அட்டையின் மேல் அறையில் இல்லாத ஒரு பொருள் நிற்கும். அட்டையைத் திருப்பினால் அதுவும் திரும்பும், சாய்த்தால் சாயும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த நிரல்தொகுப்பை வைத்து நான் எழுதிய சின்ன நிரல்தான். அதற்கு மேல் அதில் எந்த மாயமும் இல்லை.

கேரளத் தலைநகரை ஒட்டிய கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது, இரண்டாயிரத்தேழு. சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய்க் கற்பிக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கொடுத்தேன். விண்ணப்பத்தில் ‘வாசிக்கத் தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் தமிழையும் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் எங்கள் மாடியில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் இருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளை வைத்து வீட்டிலேயே கற்றுக்கொண்டது. அதனால் என்னைத் தமிழ்ப் பிரிவு இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரம். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். அப்பா கட்டட வேலை, அம்மா சித்தாள். அல்லது அப்பா ஹோட்டலில், அம்மா நாலு வீட்டில். கணக்கு டீச்சர் குழித்துறையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் தினமும் வந்து போவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பணி நிரந்தரமில்லை, தினக்கூலி ஏற்பாடு. முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார்.

“மக்ளே, உள்ளதைச் சொல்லிப்போடுதேன். அடுத்த வருசம் இந்த கிளாஸ் இருக்குமாண்ணு தெரியாது. பிள்ளைக எண்ணம் பதினாலாக் குறைஞ்சு போச்சு. இந்த ரூமை இங்கிலீஷ் மீடியத்துக்குக் கேக்காங்க. இதுகளை மலையாளத்துல கொண்டு இருத்திட்டா, பத்தாங்கிளாஸ் பரீட்சையை மலையாளத்துல எழுதணும். தொலைஞ்சுபோகும் கேட்டியா.”

“உங்க வேலை, டீச்சர்?”

“அது அதுக்கு முன்னாடியே தொலைஞ்சிரும்.” சிரித்துக்கொண்டே சாக்பீஸ் தூசியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

தலைமை ஆசிரியர் மலையாளி. களைத்த, நல்ல மனிதர். பூஜை விடுமுறை முடிந்ததும் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார் என்றும், பிரிவை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று அவர் குறிப்பு எழுதுவார் என்றும் எங்களிடம் சொன்னார். அவர் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது. ‘ஏதாவது’ என்று அவர் சொன்னது என் எட்டு அட்டைகளைத்தான்.

பாடம் திண்ம உருவங்கள். உருளை, கூம்பு, கோளம், அவற்றின் கன அளவு. புத்தகப் படத்தைக் காட்டாமல் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்தே பொருட்களை எடுத்துக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். நம் பண்பாட்டிலிருந்து கணிதம் என்று அலுவலகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். கோபுரம், குத்துவிளக்கு, வீணையின் குடம், மிருதங்கம், பூஜைக்குத் தண்ணீர் வைக்கும் பஞ்சபாத்திரம், கல்யாணத்துப் பருப்புத்தேங்காய்க் கூடு. நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

முதல் அட்டையைக் காட்டியதும் பதினான்கு பேரும் திரையை முட்டிக்கொண்டு வந்தார்கள்.

“ஐயோ, நிக்கி பாருங்கடா! எப்பிடிக்கா நிக்கி?”

“அடிபொளியல்லே!” பிரமாதம் என்று மலையாளத்தில் ஒருவன்.

“அது என்னன்னு சொல்லுங்கோ பாக்கலாம்” என்றேன்.

“சொல்லுங்கோ!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் என்னைப் போலவே சொல்லிக் காட்டியது. வகுப்பு சிரித்தது.

“வீணையோட குடம். அரைக்கோளம்.”

“வீணையில எதுக்குக்கா குடம்? தண்ணி பிடிக்கவா?”

கேட்டவள் முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண். அவளுடைய அப்பா பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் புட்டு அவிப்பவர். வீடு கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்று. என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

“நீங்க கரமனை அக்ரகாரம்தானேக்கா?”

“ஆமா.”

“அதான்” என்றாள். கோபமோ கேலியோ இல்லை. ஒரு கணக்குக்கு விடை கண்டுபிடித்தவள் மாதிரி சொன்னாள்.

பஞ்சபாத்திரம் என்றால் என்ன என்று எட்டு பேர் கேட்டார்கள். பருப்புத்தேங்காயை யாருமே பார்த்ததில்லை. எங்கள் தெருவைத்தான் நான் தமிழ்ப் பண்பாடு என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன். அன்று பட்டியலைக் கிழித்துவிட்டு அவர்களையே சொல்லச் சொன்னேன். மேஸ்திரியின் தூக்குக்குண்டு. கடலைப் பொட்டலம். தார் டிரம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய். இட்லி வேண்டும் என்று ஒருவன் சொன்னான், அரைக்கோளம் என்றான்.

“போடா, இட்லி ரெண்டு பக்கமும் பொங்கும்” என்றாள் அந்தப் பெண். “புட்டு போடுங்கக்கா. புட்டு அவிக்கிற குழாய், புட்டுக்குற்றி, சரியான உருளை. எங்கப்பா தட்டினா ஓரம் கூட உதிராது.”

அடுத்த மூன்று வாரங்கள் அலுவலகம் முடிந்து வந்து அவற்றையெல்லாம் வரைந்தேன். கூம்பு அட்டையையும் உருளை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கூம்பிலிருந்த மாவு சரிந்து உருளைக்குள் விழும். மூன்று முறை விழுந்தால் உருளை நிறையும். அதற்கு அட்டைகள் நெருங்கி இருக்க வேண்டும். அதனால் சதுரத்தைச் சுற்றி இருந்த வெள்ளை ஓரத்தை ஒட்ட வெட்டினேன். ஓரம் விடவேண்டும் என்று நிரல்தொகுப்போடு வந்த குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது. என் மேஜையில் ஓரமில்லாமலும் வேலை செய்தது.

அந்தப் பெண் அந்த அட்டைகளை எத்தனை முறை வைத்து எடுத்தாள் என்று தெரியாது. ஒரு சனிக்கிழமை கடைசியில், “அப்போ கூம்புன்னா உருளையில மூணுல ஒண்ணு. எப்பவுமேவா? பெரிய கூம்புக்கும்?” என்று கேட்டாள். எப்பவுமே என்றேன். “ஒரே வாய், ஒரே உசரம் இருந்தா” என்று அவளே சேர்த்துக்கொண்டாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் கம்ப்யூட்டர் அறையையும் பூஜை வைத்துப் பூட்டப் போவதாகச் சொன்னார்கள். டீச்சர் அட்டைகளைக் கேட்டார்.

“எங்கிட்ட இருக்கட்டும் மக்ளே. எந்த எழுத்துக்கு எந்தச் சாமான்ணு எனக்கு மாறிப்போகுது. ரயில்ல இருந்து படிச்சுக்கிடுதேன். ஆப்பீசர் முன்னால தப்பப்படாதுல்லா.”

கொடுத்தேன்.

அதிகாரி வரும் நாளுக்காக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். காமிரா, அதன் நீட்டிப்புக் கேபிள், காமிராவை நிறுத்த மரச்சட்டம், நிரல் இருந்த சிடி, மேஜை விளக்கு என்று பதினொன்று. எல்லாவற்றுக்கும் காலையிலேயே டிக் போட்டாயிற்று. இன்னொரு செட் அட்டை என்று ஒரு வரி அதில் இல்லை. அச்சுக் கோப்பு அலுவலகத்தில் என் கணினியில் இருந்தது.

ரயில் தாமதம். டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். புதுப் புடவை, தலையில் பிச்சிப்பூ. பிளாஸ்டிக் கவரிலிருந்து அட்டைகளை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

எட்டிலும் நான்கு மூலைகளிலும் மஞ்சள். குழைத்துத் தடவி, அதன் நடுவே குங்குமம். காய்ந்து கெட்டியாகியிருந்தது.

“பூஜையில புஸ்தகத்துகூட இதையும் வச்சேன். நல்ல காரியத்துக்குப் போற தாள் இல்லியா, வெறுமன கொண்டு போகப்படாதுண்ணு மஞ்சள் தொட்டேன்.”

கல்யாணப் பத்திரிகைக்கு, ஜாதகத்துக்கு, வேலைக்கு அனுப்புகிற விண்ணப்பத்துக்கு எங்கள் வீட்டிலும் இப்படித்தான் வைப்போம். என் முதல் வேலைக்கான கடிதத்தில் அம்மா வைத்திருக்கிறாள். டீச்சர் வேறு எதையும் செய்துவிடவில்லை.

காமிராவில் வரும் படத்தில் நிரல் முதலில் தேடுவது நான்கு மூலைகளை. கறுப்பும் வெள்ளையும் கூர்மையாகச் சந்திக்கிற நான்கு புள்ளிகள் கிடைத்தால்தான் அது ஒரு சதுரம் என்று அதற்குத் தெரியும். பிறகுதான் நடுவில் இருக்கும் எழுத்தைப் பார்க்கும். மூலை இல்லையென்றால் அதற்கு அட்டையே இல்லை. நான் வெள்ளை ஓரத்தை வெட்டியிருந்ததால் தாளின் மூலையில் வைத்த மஞ்சள் முழுவதும் கறுப்பின் மேல் விழுந்திருந்தது.

“நல்லதாப் போச்சு டீச்சர்” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நகத்தால் சுரண்டினேன். மஞ்சளோடு கறுப்பும் பெயர்ந்து வந்தது. ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன். அட்டை ஊறி வளைந்தது. பள்ளிப் பிரிண்டரில் மை இல்லை. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மூலைகளை நிரப்பினேன். மஞ்சள் மையைக் குடித்துவிட்டுப் பாசி நிறத்தில் மினுங்கியது. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அதிகாரியும் தலைமை ஆசிரியரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். டீச்சர் தூக்குக்குண்டு அட்டையை எடுத்து, ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டு, காமிரா முன்னால் வைத்தார். திரையில் அட்டையும் டீச்சரின் விரல்களும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. கடலைப் பொட்டலம், இல்லை. தேங்காய், இல்லை. எழுத்து மாறாமல், வரிசை தப்பாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரயிலில் நன்றாகப் படித்திருந்தார்.

உருளை அட்டைக்கு மட்டும் ஒரு வெள்ளை உருவம் ஒரு கணம் வந்து, குப்புற விழுந்து, நடுங்கி, மறைந்தது.

“இதெந்தா, புட்டோ?” என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

“வெளிச்சம் சரியில்லை, சார்” என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் யாரும் கூப்பிடாமல் முன்னால் வந்தாள். எங்களைக் காப்பாற்ற வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெற்று மேஜையில் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு உருளையைக் காட்டினாள், பிறகு ஒரு கூம்பை. “ஒரே வாயும் ஒரே உசரமும் இருந்தா, மூணு கூம்பு மாவு சார். அதான் கன அளவுக்கு மூணுல ஒண்ணு போடுதோம்” என்று தமிழில் விளக்கினாள். தூக்குக்குண்டு எவ்வளவு ஈயம் பிடிக்கும் என்று மனக்கணக்கே போட்டாள்.

அதிகாரி முன்னால் சாய்ந்தார். “மோளே, இது மலையாளத்தில் பறயாமோ?”

அவள் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை.

“பறயாம் சார். மூணு கூம்பு நிறச்சு ஒழிச்சால் ஒரு புட்டுக்குற்றி நிறயும்.” மூன்று கூம்பை நிறைத்து ஊற்றினால் ஒரு புட்டுக்குழல் நிறையும் என்று, கடைத்தெருவில் பேசுகிற அதே வேகத்தில் முழுவதையும் மலையாளத்தில் சொன்னாள். கூம்புக்கு மலையாளத்தில் என்ன என்று தெரியாததால் கூம்பு என்றே சொன்னாள். அதை அவர் கவனிக்கவில்லை.

“மிடுக்கி!” என்றார். கெட்டிக்காரி. அவள் முகம் மலர்ந்தது. அவர் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார். “இவர்க்கு மலையாளம் நன்னாயிட்டு அறியாமல்லோ மாஷே. பின்னெந்தினா வேறெ டிவிஷன்?”

இவர்களுக்கு மலையாளம் நன்றாகத் தெரிகிறதே, பிறகு தனிப் பிரிவு எதற்கு. அந்த அறையில் அதன் அர்த்தம் உடனே புரிந்தது எனக்கும் டீச்சருக்கும் மட்டும்தான். பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவள் முதுகில் தட்டினார்கள்.

பேசுவது வேறு, எழுதுவது வேறு சார். இந்தப் பிள்ளைகள் பஸ் போர்டு வாசிப்பார்கள், இரண்டெழுத்து பிணைந்த கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுவார்கள். ஒன்பது வருடம் தமிழில் படித்த கணக்கைப் பத்து மாதத்தில் மாற்ற முடியாது. எல்லாம் என் வாயில் இருந்தது, வரிசையாகவே இருந்தது. ஈர அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேலை செய்யாத பொருளைக் கொண்டுவந்தவள் பேசினால் எடுபடாது என்று தோன்றியது. ஒருவேளை பேசியிருந்தாலும் எடுபட்டிருக்காது. அதிகாரி தேநீர் குடித்தார், எல்லோரையும் பாராட்டினார், போனார்.

டீச்சர் அட்டைகளை அடுக்கி மறுபடியும் கவரில் போட்டார். “அது ஏன் மக்ளே இண்ணைக்கு மட்டும் வரல?”

“வெளிச்சம்தான், டீச்சர்.”

“நான் ஒண்ணும் தப்பா வைக்கல்லியே?”

“இல்லவே இல்லை. எல்லாம் சரியா வெச்சேள்.”

மார்ச்சோடு டீச்சரின் ஏற்பாடு முடிந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் அன்றைக்கு மட்டும் ஒத்துழைத்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டது சரியா என்று நான் யோசித்ததுண்டு. சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் பூஜ்யம்தான் வந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. ஆறாவது வேலை நாளில் தலை எண்ணி, தமிழ்ப் பிரிவை மூடினார்கள். நான்கு பிள்ளைகள் தமிழ்ப் பிரிவு இருந்த வேறொரு பள்ளிக்குப் போனார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் விடவில்லை. மற்றவர்களோடு அவளும் மலையாள வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தாள். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு விரலால் எழுத்தெழுத்தாகத் தள்ளுவாள். கூம்பு இப்போது விருத்தஸ்தூபிகை, கன அளவு வியாப்தம். நான் நிரலை மாற்றி எழுதினேன். வெள்ளை ஓரம் விட்டு, மலையாள வார்த்தைகளோடு புது அட்டைகள் செய்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. திரையில் கூம்பு அழகாகச் சுழன்றது. ஆனால் அவளுக்குத் தெரியாமலிருந்தது கூம்பு இல்லை. கேள்வித்தாளில் எதுவும் சுழலாது, எழுத்தாகத்தான் இருக்கும்.

அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளைக் கொண்டு வந்தாள். நான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். வாசித்து முடிக்கும் முன்பே விடை சொன்னாள். ஒன்பது கேள்விகள் அப்படிச் சொன்னாள். தேர்வில் அவற்றில் மூன்றைத்தான் எழுதியிருந்தாள். “அங்க நீங்க வந்து வாசிப்பீங்களாக்கா?” என்று கேட்டு அவளே சிரித்தாள்.

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. மனப்பாடம் செய்து ஒப்பேற்ற முடிந்த மற்ற எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் தோற்றிருந்தாள். தோற்ற பாடத்தை மட்டும் உடனே எழுதுவதற்கு ஒரு தேர்வு உண்டு. அதற்கான படிவத்தை வாங்கி, என்னால் நிரப்ப முடிந்ததையெல்லாம் நிரப்பி, ஆற்றங்கரைக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஹோட்டலுக்கு வேண்டிய மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழாக மெதுவாகப் பார்த்தாள். பயிற்று மொழி என்ற இடத்தில் பள்ளிப் பதிவேட்டில் இருந்தபடி மலையாளம் என்று நான் எழுதியிருந்தேன். வேறு எதுவும் எழுத முடியாது.

“மறுபடியும் அதே எழுத்துலதானக்கா கேப்பாங்க?”

“ஆமா.”

“அப்போ வேண்டாம்க்கா.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மாவு படாமல், ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றேன். உள்ளேயிருந்து அவள் அம்மா யாரென்று கேட்டாள். “கரமனை அக்காம்மா. சும்மா வந்தாங்க” என்று சொல்லிவிட்டு, சல்லடையை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.